பெருமந்தமும் மீட்சித் திட்டங்களும்: வரலாற்றாசிரியர்களின் தீர்ப்பு

பொருளாதார நெருக்கடியில் சிக்கிய நாடொன்றின் அரசாங்கம் மீட்சித் திட்டமொன்றை முன்வைக்கும்போது, அது வெற்றியா தோல்வியா என்பதை ஆளுந்தரப்பினரும் எதிர்த்தரப்பினரும் அதே வாரத்திலேயே அறிவித்துவிடுகின்றனர். வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு விரைவில் முடிவுக்கு வருவதில்லை. ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் டி. ரூஸ்வெல்ட் 1933 ஆம் ஆண்டில் ஆரம்பித்துவைத்த ‘நியூ டீல்’ என்னும் ‘புதிய பங்கீடு’ பற்றிய விவாதம் தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் ஓயவில்லை. ஒரே ஆவணங்களையும் ஒரே புள்ளிவிபரங்களையும் வைத்துக்கொண்டு ஒருவர் அதனை ஜனநாயகத்தைக் காப்பாற்றிய முயற்சி என்கிறார். இன்னொருவர் மீட்சியைத் தாமதப்படுத்திய தலையீடு என்கிறார். வேறொருவரோ வறியவர்களின் பெயரால் செல்வந்தரின் அமைப்பை நிலைநிறுத்திய ஏற்பாடு என்கிறார்.

இதனை வெறும் அபிப்பிராய பேதமாகக் கொள்வது பொருந்தாது. அவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு கேள்விக்கு விடை தேடுகின்றனர் என்பதே உண்மையாகும். திட்டம் எதனைச் சாதிக்க முயன்றது, அதன் பலன் எவ்வாறு அளக்கப்பட்டது, அத்திட்டம் இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும், அதன் நன்மையும் சுமையும் யார் யாரைச் சென்றடைந்தன என்னும் நான்கு கேள்விகளுமே அவர்களுடைய அளவுகோல்களாகும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியையும் அதன் பின் வந்த மீட்சித் திட்டத்தின் சுமையையும் நேரில் அறிந்த எமது வாசகர்களுக்கு இந்த அளவுகோல்களைத் தெரிந்துகொள்வது பயனளிக்கும் என நாம் நம்புகின்றோம்.

1933 மார்ச்சில் இருந்த நிலைமை

எந்தத் திட்டத்தையும் மதிப்பிடுவதற்கு முன்னர் அது தொடங்கிய இடத்தை அறிதல் வேண்டும். 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. அதன் பின்னரான மூன்றரை ஆண்டுகளில் அமெரிக்காவின் உண்மை உற்பத்தி நான்கிலொரு பங்குக்கு மேல் வீழ்ச்சியடைந்தது. பொருட்களின் விலைகளும் ஏறக்குறைய அதே அளவு இறங்கின. உழைக்கும் மக்களுள் நால்வரில் ஒருவர் தொழிலற்றிருந்தார். 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அக்காலத்தில் வைப்புக் காப்புறுதி இருக்கவில்லை. வங்கி மூடப்பட்டால் வைப்பாளரின் வாழ்நாட் சேமிப்பும் அதனோடு முடங்கியது.

ரூஸ்வெல்ட்டுக்கு முன்னர் பதவி வகித்த ஹேர்பேர்ட் ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார் என்பது நீண்ட காலமாக நிலவிய கருத்தாகும். பிற்கால ஆய்வுகள் இதனை ஓரளவு திருத்தியுள்ளன. நொடித்துவரும் வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் கடன் வழங்கும் கூட்டுத்தாபனமொன்றை அவர் 1932 இல் நிறுவினார். பொது வேலைகளுக்கான செலவையும் அதிகரித்தார். எனினும் அதே ஆண்டில் வரவுசெலவைச் சமப்படுத்தும் நோக்குடன் வரிகளைக் கடுமையாக உயர்த்தியமையும், 1930 இல் இறக்குமதித் தீர்வைகளை உயர்த்திய சட்டத்தில் ஒப்பமிட்டமையும் அவருடைய முயற்சிகளுக்கு எதிராகவே அமைந்தன. வேலையற்றோருக்கு மத்திய அரசு நேரடியாக நிவாரணம் வழங்குவதையும் அவர் விரும்பவில்லை.

1933 மார்ச் 4 ஆந் திகதி ரூஸ்வெல்ட் பதவியேற்றார். மார்ச் 6 ஆந் திகதி நாட்டின் வங்கிகள் யாவும் மூடப்பட்டன. 9 ஆந் திகதி அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. 12 ஆந் திகதி அவர் வானொலியில் மக்களுக்கு நிலைமையை எளிய மொழியில் விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கப்பட்டபோது, பணத்தை மீளப் பெறுவதற்காக அன்றி அதனை மீண்டும் வைப்பிலிடுவதற்காகவே மக்கள் வரிசையில் நின்றனர். ரூஸ்வெல்ட்டைக் கடுமையாக விமர்சிக்கும் ஆய்வாளர்களும் இந்த ஒரு வாரத்தின் வெற்றியை மறுப்பதில்லை.

மூன்று நோக்கங்கள், மூன்று தீர்ப்புகள்

புதிய பங்கீடு என்பது ஒரு திட்டமன்று. அது பல சட்டங்களினதும் நிறுவனங்களினதும் தொகுதியாகும். அவற்றுட் சில ஒன்றுக்கொன்று முரணானவை. வரலாற்றாசிரியர்கள் வழக்கமாக அவற்றை நிவாரணம், மீட்சி, சீர்திருத்தம் என மூன்றாக வகுத்து நோக்குவர். இந்த வகுப்பு தெளிவாகாதவரை வாதம் முன்னேறாது. நிவாரணத்தில் வெற்றி பெற்ற திட்டம் மீட்சிக்கு உதவாதிருக்கலாம். மீட்சியில் தவறிய திட்டம் நிலையான சீர்திருத்தமொன்றை விட்டுச் சென்றிருக்கலாம்.

நிவாரணத் துறையில் சாதனைகள் கண்கூடானவை. 1933 - 1934 குளிர்காலத்தில் ஹரி ஹொப்கின்ஸ் தலைமையிலான குடிசார் வேலை நிர்வாகம் ஒரு சில மாதங்களுக்குள் நாற்பது இலட்சம் பேருக்கு வேலை வழங்கியது. குடிசார் பாதுகாப்புப் படையணியில் 1942 வரை சுமார் முப்பது இலட்சம் இளைஞர்கள் காடு வளர்த்தல், மண்ணரிப்புத் தடுப்பு ஆகிய வேலைகளில் ஈடுபட்டனர். அவர்களுக்குக் கிடைத்த மாதச் சம்பளமான 30 டொலரில் 25 டொலர் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. 1935 முதல் 1943 வரை இயங்கிய வேலை முன்னேற்ற நிர்வாகம் ஏறத்தாழ 85 இலட்சம் பேரை வேலைக்கமர்த்தி, 650,000 மைல் அளவிலான வீதிகளையும் 125,000 பொதுக் கட்டடங்களையும் நிர்மாணித்தது, அல்லது திருத்தியது. வேலையற்றிருந்த எழுத்தாளர்களும் அதன் கீழ் சம்பளம் பெற்றனர். அடிமைகளாக வாழ்ந்து முதுமையெய்திய 2,300க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகளை அவர்கள் பதிவுசெய்தனர். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பயன்படுத்தும் அரிய ஆதாரமொன்று நிவாரணத் திட்டமொன்றின் விளைவாகக் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சீர்திருத்தத் துறையில் விளைந்தவை இன்றும் நிலைத்துள்ளன. வைப்புக் காப்புறுதி 1934 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஆயிரக்கணக்கில் முறிந்த வங்கிகளின் தொகை அவ்வாண்டில் நூற்றுக்கும் கீழே இறங்கியது. 1935 இல் தொழிற்சங்க உரிமையை உறுதிப்படுத்திய வாக்னர் சட்டமும், முதியோர் ஓய்வூதியத்தையும் வேலையின்மைக் காப்புறுதியையும் ஏற்படுத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறின. 1938 இல் மணித்தியாலத்துக்கு 25 சதம் என்னும் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாயிற்று.

மீட்சி என்னும் நோக்கமே பெரும் பிணக்குக்குரியது. பொருளாதாரம் திட்டங்களால் மீண்டதா, திட்டங்கள் இருந்தும் மீண்டதா என்னும் கேள்விக்கு விடை இலகுவானதன்று.

மாறிவந்த மதிப்பீடுகள்

முதற் தலைமுறை வரலாற்றாசிரியர்களுள் பெரும்பாலோர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவாளர்களாவர். ஆர்தர் ஷ்லெசிங்கர் 1957 முதல் 1960 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகள் புதிய பங்கீட்டை அமெரிக்க முற்போக்கு மரபின் உச்சமாகக் காட்டின. கார்ல் டெக்லர் 1959 இல் அதனை மூன்றாவது அமெரிக்கப் புரட்சி என வருணித்தார். 1963 இல் வில்லியம் லூக்டன்பேர்க் எழுதிய நூல் இம்மரபில் வந்ததாயினும் அளவோடு பேசியது. அதனை ‘அரைவாசிப் புரட்சி’ என்றே அவர் மதிப்பிட்டார். குத்தகை விவசாயிகளும் சேரிவாசிகளும் கறுப்பினத்தவரிற் பெரும்பாலோரும் புதிய ஒழுங்குக்கு வெளியே விடப்பட்டதை அவர் சுட்டிக்காட்டினார்.

1960களின் பிற்பகுதியில், வியட்நாம் போரும் சிவில் உரிமைப் போராட்டமும் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த வேளையில், புதிய தலைமுறையொன்று எழுந்தது. பார்ட்டன் பேர்ன்ஸ்டீன் 1968 இல் எழுதிய கட்டுரையில், புதிய பங்கீடு முதலாளித்துவத்தை மாற்றவில்லை, அதனைக் காப்பாற்றியது மாத்திரமே என வாதிட்டார். செல்வப் பங்கீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழவில்லை என்பது அவரது முக்கிய ஆதாரம். இதற்கு மறுமுனையில், சந்தைப் பொருளாதாரத்தை வலியுறுத்துவோரின் விமர்சனம் வலுப்பெற்றது. அடிக்கடி மாறிய சட்டங்களும் வரிகளும் முதலீட்டாளரை அச்சுறுத்தின என ரொபர்ட் ஹிக்ஸ் 1997 இல் வாதிட்டார். அமிட்டி ஷ்லேஸ் 2007 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பொதுவாசகரிடையே பரப்பியது.

இவ்விரு முனைகளுக்கும் இடையில் டேவிட் கென்னடி 1999 இல் வேறொரு அளவுகோலை முன்வைத்தார். புதிய பங்கீட்டின் உட்பொருளைப் ‘பாதுகாப்பு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கலாம் என்பது அவரது முடிவு. வைப்பாளர், வீட்டுரிமையாளர், முதியவர், தொழிலாளி ஆகியோர் திடீர் வீழ்ச்சிக்கு ஆளாகாதவாறு காப்பதே அதன் நிலையான பணி என அவர் கண்டார். உற்பத்திப் புள்ளிவிபரங்களால் மாத்திரம் அளந்தால் இப்பணி கண்ணுக்குப் புலப்படாது.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக் கவலையுடனேயே பழைய ஆவணங்களைத் திறக்கின்றது. இதனால் வரலாறு நம்பத்தகாதது என்று கூறிவிட முடியாது. புதிய கவலை புதிய கேள்வியை எழுப்புகின்றது. அக்கேள்வி முன்னர் எவரும் பாராத ஆவணங்களை வெளிக்கொணர்கின்றது.

எண்ணிக்கையில் எழுந்த பிணக்கு

புள்ளிவிபரங்கள் பக்கச்சார்பற்றவை எனப் பொதுவாக நம்பப்படுகின்றது. புதிய பங்கீட்டுக்கால வேலையின்மை வீதம் இந்நம்பிக்கைக்கு ஒரு எச்சரிக்கையாகும். அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற மாதாந்த வேலையின்மை மதிப்பீடு நடைபெறவில்லை. ஸ்டான்லி லெபர்கொட் என்னும் ஆய்வாளர் பின்னர் தொகுத்த கணக்கின்படி, 1933 இல் 25 வீதமாகவிருந்த வேலையின்மை 1936 இல் 17 வீதமாகவும் 1940 இல் 14.6 வீதமாகவும் இருந்தது. ஏழாண்டுகளின் பின்னரும் ஏழு பேரில் ஒருவர் வேலையற்றிருந்தார் என்றால் திட்டம் தோற்றதென்றே தோன்றும்.

ஆயினும் இக்கணக்கில் அரசின் நிவாரண வேலைகளில் ஈடுபட்டிருந்தோர் அனைவரும் வேலையற்றோராகவே எண்ணப்பட்டிருந்தனர். வீதியமைத்தவரும் பாடசாலை கட்டியவரும் மரம் நட்டவரும் அதில் அடங்குவர். மைக்கல் டார்பி 1976 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்களை வேலையிலிருப்போராகச் சேர்த்துக் கணித்தார். 1936 ஆம் ஆண்டின் வீதம் 10 அளவுக்கும், 1940 ஆம் ஆண்டின் வீதம் 9.5 அளவுக்கும் இறங்கியது.

இரண்டில் எது சரியானது? தனியார் துறை தானாகவே எவ்வளவு பேருக்கு வேலை வழங்கியது என அறிய விரும்புவோருக்கு முதலாவது கணக்கு பொருந்தும். எத்தனை குடும்பங்களில் உழைத்துப் பெற்ற சம்பளத்தால் அடுப்பெரிந்தது என அறிய விரும்புவோருக்கு இரண்டாவது பொருந்தும். ஆகவே ஒரு வீதத்தை எவரேனும் மேற்கோள் காட்டும்போது, அதற்குள் யார் எண்ணப்பட்டனர், யார் எண்ணப்படவில்லை என்று வினவுவது வாசகரின் கடமையாகும்.

மீட்சிக்குக் காரணம் எது?

1933 முதல் 1937 வரை அமெரிக்க உற்பத்தி ஆண்டுதோறும் சராசரியாக 8 வீதத்துக்கு மேல் வளர்ந்தது. இது மிக வேகமான வளர்ச்சியாகும். எனினும் விழுந்த பள்ளம் ஆழமாகையால் முழு வேலைவாய்ப்பை எட்ட அது போதவில்லை. இந்த வளர்ச்சிக்கு ரூஸ்வெல்ட்டின் அரசாங்கச் செலவே காரணம் என்ற பரவலான நம்பிக்கையைப் பொருளியல் வரலாற்றாசிரியர்களுள் அநேகர் ஏற்பதில்லை. கேரி பிரவுண் 1956 இல் வெளியிட்ட ஆய்வில், மத்திய அரசின் பற்றாக்குறைகள் தேவையோடு ஒப்பிடுகையில் சிறியவை எனவும், மாநிலங்களும் உள்ளூராட்சிகளும் வரிகளை உயர்த்தியதனால் அவற்றின் விளைவு பெருமளவு தேய்ந்துபோனது எனவும் காட்டினார். அரசிறைக் கொள்கை தோற்றதாகக் கூறமுடியாது, அது உண்மையில் பிரயோகிக்கப்படவேயில்லை என்பதே அவருடைய முடிவின் சாரமாகும்.

அவ்வாறாயின் மீட்சி எங்கிருந்து வந்தது? மில்டன் பிறீட்மனும் அன்னா ஷ்வாட்ஸும் 1963 இல் வெளியிட்ட அமெரிக்க நாணய வரலாறு, பண நிரம்பல் மூன்றிலொரு பங்கினால் சுருங்கியதே மந்தத்தைப் பெருமந்தமாக்கியது எனவும், மத்திய வங்கி அதனைத் தடுக்கத் தவறியது எனவும் நிறுவியது. பரி ஐக்கன்கிறீன் 1992 இல், தங்கத்தோடு நாணயத்தைப் பிணைத்திருந்த பொன் நியமமே நாடுகளின் கைகளைக் கட்டிப்போட்டது என விளக்கினார். ரூஸ்வெல்ட் 1933 இல் அப்பிணைப்பை அறுத்தார். 1934 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 20.67 டொலரிலிருந்து 35 டொலராக உயர்த்தப்பட்டது. ஐரோப்பாவின் அரசியல் அச்சமும் சேர்ந்துகொள்ள அமெரிக்காவுக்குள் தங்கம் பெருகி வந்தது. பண நிரம்பல் விரிந்தது. மீட்சிக்குப் பிரதான காரணம் இதுவே என கிறிஸ்டினா றோமர் 1992 இல் எடுத்துக்காட்டினார். அன்றைய பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்ட திட்டங்களைவிட நாணயத்துறையில் எடுத்த முடிவே கூடுதலான பலனைத் தந்தது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்தாகும்.

மீட்சிக்கெனவே வகுக்கப்பட்ட தேசிய கைத்தொழில் மீட்சிச் சட்டம் இதற்கு நேர்மாறானது. தொழில் நிறுவனங்கள் தமக்குள் கூடி விலைகளை நிர்ணயிப்பதற்கு அது இடமளித்தது. அதற்குப் பிரதியாகச் சம்பளத்தை உயர்த்துமாறு கேட்டது. 1935 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனை ஏகமனதாக இரத்துச் செய்தது. ஹரல்ட் கோலும் லீ ஓஹானியனும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில் இக்கொள்கையும் அதன் தொடர்ச்சியுமே மீட்சியைப் பெரிதும் தடுத்தன என்றனர். கௌதி எகெர்ட்சன் 2012 இல் இதனை மறுத்து, விலைகள் வீழ்ந்துகொண்டிருந்த அந்த அசாதாரண வேளையில் விலையுயர்வு பற்றிய எதிர்பார்ப்பே செலவினத்தைத் தூண்டியது என்றார். இப்பிணக்கு இன்னும் தீரவில்லை.

1937: அவசரத்தின் விலை

வரலாற்றாசிரியர்கள் தமது ஊகங்களைப் பரிசோதிக்க ஆய்வுகூடம் இல்லை. ஆனால் 1937 ஆம் ஆண்டு அதற்கு ஒப்பானதொரு வாய்ப்பை அவர்களுக்கு அளித்துள்ளது. மீட்சி உறுதியாகிவிட்டது எனக் கருதிய அரசாங்கம் அவ்வாண்டில் செலவைக் குறைத்தது. சமூகப் பாதுகாப்புக்கான வரி ஜனவரி முதல் அறவிடப்பட்டதாயினும் மாதாந்த ஓய்வூதியம் 1940 வரை வழங்கப்படவில்லை. மத்திய வங்கி 1936 ஓகஸ்ட் முதல் 1937 மே வரை மூன்று கட்டங்களாக வங்கிகளின் ஒதுக்குத் தேவையை இரட்டிப்பாக்கியது. உள்வந்த தங்கத்தைப் பண நிரம்பலில் சேராதவாறு திறைசேரி ஒதுக்கிவைத்தது.

விளைவு கடுமையானது. கைத்தொழில் உற்பத்தி ஓராண்டுக்குள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. லெபர்கொட்டின் கணக்கின்படி 14.3 வீதமாகவிருந்த வேலையின்மை 1938 இல் 19 வீதமாயிற்று. 1938 வசந்தத்தில் கொள்கை மாற்றப்பட்டதும் வளர்ச்சி திரும்பியது. இவற்றுள் எது கூடுதலான சேதத்தை விளைவித்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டெனினும், மீட்சி வேரூன்று முன்னர் ஆதரவை விலக்கிக்கொள்வது ஆபத்தானது என்ற பாடத்தில் பெரும்பாலோர் ஒன்றுபடுகின்றனர். 2008 ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியின் பின்னர், ஜனாதிபதி ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் சபைத் தலைவராகவிருந்த றோமர் இப்பாடத்தைப் பகிரங்கமாக நினைவூட்டினார்.

நன்மை யாரைச் சென்றடைந்தது?

அண்மைய தசாப்தங்களில் ஆய்வின் கவனம் மொத்தத் தொகையிலிருந்து பங்கீட்டின் பக்கம் திரும்பியுள்ளது. எம்மைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமான திருப்பமாகும்.

விவசாயச் சீராக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். உற்பத்தியைக் குறைத்தால் விலை உயரும் என்ற கணிப்பில் 1933 கோடையில் ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுதழிக்கப்பட்டது. அறுபது இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. மக்கள் பசித்திருந்த வேளையில் இது பெரும் கண்டனத்துக்குள்ளாயிற்று. விலை உயர்ந்ததும் உண்மையே. ஆனால் நிலத்தைத் தரிசாக விடுவதற்கான கொடுப்பனவு நில உரிமையாளரின் கையிற் சென்றது. பயிரிட்ட வாரக்குடிகளுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை. தரிசாக்கிய நிலத்துக்கு அவர்கள் தேவைப்படவுமில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜுலையில் ஆர்கன்சா மாநிலத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இணைந்து அமைத்த தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் இந்த அநீதியிலிருந்தே பிறந்தது.

சமூகப் பாதுகாப்புச் சட்டமும் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் ஆரம்பத்தில் விலக்கியே வைத்தது. கறுப்பினத் தொழிலாளரிற் பெரும்பான்மையினர் இவ்விரு தொழில்களிலுமே இருந்தனர். காங்கிரஸ் சபையின் குழுக்களில் ஆதிக்கம் செலுத்திய தென்மாநில உறுப்பினர்களின் ஆதரவைப் பெறுவதற்காகச் செலுத்தப்பட்ட விலை இது என ஐரா கட்ஸ்நெல்சன் 2005 இலும் 2013 இலும் வெளியிட்ட நூல்களில் வாதிட்டார். லரி டிவிட் 2010 இல் இதனை மறுத்து, அத்தகைய தொழில்களில் வரி அறவிடுவதிலுள்ள நிர்வாகச் சிரமமே காரணம் என்றார். காரணம் எதுவாயினும் விலக்கப்பட்டோருக்கு விளைவு ஒன்றே. 1950 ஆம், 1954 ஆம் ஆண்டுகளின் திருத்தங்களின் பின்னரே அவர்கள் படிப்படியாக உள்வாங்கப்பட்டனர்.

இவ்வளவு பாரபட்சத்தின் மத்தியிலும் 1936 தேர்தலில் கறுப்பின வாக்காளரிற் பெரும்பான்மையினர் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தனர் என்பதையும் வரலாற்றாசிரியர் விளக்க வேண்டியுள்ளது. முன்னைய அரசாங்கங்கள் எதுவும் தராத வேளையில், சமமற்றதாயினும் அவர்களது வீடுவரை வந்த முதலாவது மத்திய அரசின் உதவி அதுவே. பிறைஸ் பிஷ்பெக்கும் அவரது சக ஆய்வாளரும் மேற்கொண்ட ஆய்வுகள், நிவாரணச் செலவு அதிகரித்த நகரங்களில் சிசு மரணங்கள் குறைந்ததைக் காட்டியுள்ளன. புறக்கணிப்பும் உதவியும் ஒரே திட்டத்துள் ஒன்றாக இருக்கலாம். நேர்மையான தீர்ப்பு இரண்டையும் பதிவுசெய்யும்.

பிற நாடுகளோடு ஒப்பீடு

திட்டம் இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அறிய மற்றொரு வழி பிற நாடுகளை நோக்குவதாகும். 1931 செப்டெம்பரில் பொன் நியமத்தைக் கைவிட்ட பிரித்தானியாவும் சுவீடனும் விரைவில் தேறின. 1936 வரை அதனைப் பற்றிக்கொண்டிருந்த பிரான்ஸ் பிந்தியே மீண்டது. ஜப்பானில் நிதியமைச்சர் தக்காஹாஷி கொரேகியோ 1931 டிசெம்பரில் பொன் நியமத்திலிருந்து விலகி, கடன்பட்டுச் செலவிட்டு, பொருளாதாரத்தை விரைவாக மீட்டார். பின்னர் இராணுவச் செலவைக் கட்டுப்படுத்த முயன்றபோது 1936 பெப்ரவரியில் இராணுவ அதிகாரிகளால் கொல்லப்பட்டார்.

ஜேர்மனியில் 1933 இன் ஆரம்பத்தில் அறுபது இலட்சமாகவிருந்த வேலையற்றோர் தொகை நாஸி ஆட்சியில் சில ஆண்டுகளில் மிக வேகமாக வீழ்ந்தது. எண்களால் மாத்திரம் அளந்தால் அது அமெரிக்காவை விஞ்சிய வெற்றி. ஆனால் தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்டன. யூதர்கள் தொழில்களிலிருந்து விரட்டப்பட்டனர். உற்பத்தி போர்த்தளபாடங்களை நோக்கித் திருப்பப்பட்டது. எந்த மீட்சி என்ற கேள்வியை விட்டுவிட்டு எவ்வளவு மீட்சி என்று மாத்திரம் கேட்பதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இலங்கை கண்ட பெருமந்தம்

பெருமந்தம் எமது நாட்டையும் விட்டுவைக்கவில்லை. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்று ஏற்றுமதிகளிலும் தங்கியிருந்த இலங்கை அவற்றின் விலை வீழ்ச்சியால் நிலைகுலைந்தது. டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமையுடன் 1931 இல் தெரிவான அரசாங்க சபை, நிதி அதிகாரம் ஆளுநரிடமும் அவருடைய உத்தியோகத்தரிடமும் இருந்த நிலையில் இந்நெருக்கடியை எதிர்கொண்டது. மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தென்னிந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934 - 1935 இல் பரவிய மலேரியா, ஏற்கெனவே வறுமையால் மெலிந்திருந்த பல்லாயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது.

அமெரிக்காவில் பருத்தியைக் குறைத்த அதே தர்க்கம் இங்கும் பிரயோகிக்கப்பட்டது. 1933 இல் தேயிலைக்கும் 1934 இல் இறப்பருக்கும் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கைகள் ஏற்றுமதியை மட்டுப்படுத்தி விலையை உயர்த்த முனைந்தன. தோட்டக் கம்பனிகளின் வருமானம் காக்கப்பட்டது என்பதை வெற்றியாகக் கொள்வதா, வேலை குறைந்த தொழிலாளியின் நிலையை அளவுகோலாகக் கொள்வதா என்ற கேள்வி ஆர்கன்சாவுக்கு மாத்திரம் உரியதன்று.

தீர்ப்புக்கு முன் கேட்கவேண்டியவை

இன்றைய ஆய்வுநிலையைத் தொகுத்துக் கூறின், வங்கிகளைக் காத்தமையும் பொன் நியமத்தைக் கைவிட்டமையும் வெற்றிகள். நிவாரண வேலைகள் இலட்சக்கணக்கான குடும்பங்களைத் தாங்கின. கைத்தொழில் மீட்சிச் சட்டத்தை ஆதரிப்போர் குறைவு. அரசிறைக் கொள்கை போதியதாயிருக்கவில்லை. முழு வேலைவாய்ப்பு யுத்தச் செலவின் பின்னரே வந்தது. சீர்திருத்தங்கள் நிலைத்தன, ஆயினும் அவற்றின் வாயில்கள் எல்லோருக்கும் ஒருசேரத் திறக்கப்படவில்லை. இத்தீர்ப்பில் போற்றுவோரும் தூற்றுவோரும் தமக்கு வேண்டிய ஒரு வரியை மாத்திரம் எடுத்துக்கொள்வது இலகு. முழுவதையும் வாசிப்பதே கடினம்.

இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் உதவித் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. பணவீக்கமும் நாணய மாற்று வீதமும் அதன் பின்னர் சீரடைந்தமையை மறுக்க முடியாது. ஆனால் அந்த எண்களோடு தீர்ப்பு முடிந்துவிடுவதில்லை. வரி உயர்வின் சுமை எந்த வருமானத்தினர் மீது விழுந்தது, நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் இடம்பெறாது போனவர் யார், தோட்ட லயன் அறையிலும் வடக்குக் கிழக்கின் மீனவர் குடிசையிலும் கொழும்பின் நெருக்கமான தோட்டங்களிலும் உணவு வேளைகள் எவ்வாறு மாறின என்னும் விடயங்களை எதிர்கால வரலாற்றாசிரியர் நிச்சயம் தேடுவார்.

அவர் தேடும்போது ஆவணங்கள் இருக்க வேண்டும். அமெரிக்கா தன் நெருக்கடியின் மத்தியிலும் எழுத்தாளரையும் புகைப்படக் கலைஞரையும் சம்பளத்துக்கு அமர்த்தி வறியவர்களின் வாழ்வைப் பதிவுசெய்தமையாலேயே இன்று இவ்விவாதம் சாத்தியமாகின்றது. 1930களில் எமது தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் தமது கதையைப் பதிவுசெய்ய எவரும் முன்வரவில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நிர்வாகத்தின் எண்ணிக்கைகளே. இம்முறை அவ்வாறு நேராதிருக்கப் பல்கலைக்கழகங்களும் உள்ளூர் அமைப்புகளும் பத்திரிகைகளும் இப்பொழுதே முயலவேண்டும். மீட்சியின் கணக்கு திறைசேரியின் ஏடுகளில் மாத்திரம் எழுதப்படுமாயின், தீர்ப்பும் திறைசேரியின் தீர்ப்பாகவே அமையும்.